பழத்தை வேகவைக்காமல் ஃப்ரீசர் ஜாம்: கையில் இருக்கும் காசுக்குள் செய்ய முழுமையான வழிகாட்டி

மாம்பழ சீசன் வந்தால் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் வீட்டில் உட்கார்ந்து இந்த ஜாமைச் செய்து காட்டுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். சர்க்கரையைக் குறைத்துவிடுகிறார்கள், சர்க்கரை கரைவதற்குள் பெக்டினை (ஜாமை உறைய வைக்கும், பழத்தில் இருந்து எடுக்கும் பொருள்) ஊற்றிவிடுகிறார்கள், அப்புறம் ஜாம் கெட்டிப்பட்டு உறைந்துவிட்டதா என்று பாட்டிலைத் திறந்து திறந்து கிளறுகிறார்கள். வாங்கிய சாமானில் குறை எதுவும் இருக்காது, அளவோ வரிசையோதான் மாறியிருக்கும். அதனால் எதை எப்போது செய்ய வேண்டும், ஏன் என்பதை விலாவாரியாக எழுதியிருக்கிறேன்.

ஃப்ரீசர் ஜாமில் பழம் அடுப்பில் ஏறாது. பழுத்த பழத்தை வேகவைக்காமல் மசித்துச் சர்க்கரையில் ஊறவிட்டு, பெக்டினை மட்டும் கொதிக்க வைத்து அதில் கலந்து, உறைந்ததும் ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். மாம்பழத்தின் மணம் அப்படியே இருக்கும், வேகவைத்த ஜாமில் அது நிறைய ஆவியாகிவிடும். பழனிப் பஞ்சாமிர்தத்தை நினைத்துக்கொண்டால் புரியும், அதிலும் பழத்தை வேகவைப்பதில்லை, சொட்டுத் தண்ணீர்கூட விடுவதில்லை. ஆனால் பஞ்சாமிர்தம் மாதிரி இதை வெளியே வைக்க முடியாது என்பதை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இதைக் காப்பாற்றுவது குளிர்தான்.

1. பழம் வாங்கும் முன் ஃப்ரீசரைப் பாருங்கள்

பலர் பழத்தை வாங்கி, செய்து, பாட்டிலில் நிரப்பிய பிறகுதான் ஃப்ரீசரைத் திறக்கிறார்கள். அங்கே ஐஸ் மலை மாதிரி ஏறி இருக்கும், ஒரு டம்ளர் வைக்க இடம் இருக்காது. அதனால் முந்தின வாரமே ஐஸைக் கரைத்துச் சுத்தம் செய்து ஒரு மூலையை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது குளிர் போதுமா என்று பார்ப்பது. ஜாம் ஒரு வருடம் வரை இருக்க வேண்டும் என்றால் மைனஸ் 18 டிகிரி வேண்டும். இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜில் அது கிடைக்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு ஃப்ரீசர் எல்லாவற்றிலும் அவ்வளவு குளிர் வரும் என்று சொல்ல முடியாது. எளிய சோதனை ஒன்று இருக்கிறது: ஒரு கப் ஐஸ்கிரீமை இரண்டு நாள் உள்ளே வையுங்கள். கரண்டி இறங்கச் சிரமப்படும் அளவுக்குக் கெட்டியாக இருந்தால் நல்லது. கொழகொழவென்று இருந்தால் ஜாம் செய்யலாம், ஆனால் கொஞ்சமாகச் செய்து இரண்டு மூன்று மாதத்தில் தீர்த்துவிடுங்கள்.

2. எந்தப் பழம், எப்போது வாங்குவது

முதல் தடவைக்கு மாம்பழம் எடுங்கள். சதை நிறைய வரும், மசிப்பது சுலபம், தப்பு நடந்தாலும் சரிசெய்யலாம். கிளிமூக்கு மாம்பழம்தான் என் தேர்வு. விலை குறைவு, கொஞ்சம் புளிப்பும் இருக்கும், அந்தப் புளிப்பு ஜாம் உறைவதற்கு வேண்டும். மல்கோவாவும் இமாம்பசந்தும் அப்படியே சாப்பிட வேண்டிய பழங்கள், அந்த விலைக்கு வாங்கி மசிக்க எனக்கு மனசு வராது. செந்தூரம் ருசியாக இருக்கும், ஆனால் நார் கூடுதலாக இருந்தால் சல்லடையில் தேய்க்க வேண்டி வரும்.

உழவர் சந்தைக்குக் காலையில் முதல் ஆளாகப் போக வேண்டாம். கடைகளைக் கட்டும் நேரத்துக்குப் போனால் திரும்பத் தூக்கிக்கொண்டு போக மனமில்லாத பழங்களைக் கூறு கட்டி மலிவாகத் தருவார்கள். ஜாமுக்குப் பழம் பார்க்க அழகாக இருக்கத் தேவையில்லை, தோலில் கருப்புப் புள்ளி இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அமுக்கினால் தண்ணீர் விடுவது, காம்புப் பக்கம் புளித்த வாடை அடிப்பது, பூஞ்சை பிடித்தது, இந்த மூன்றையும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பழம் வேகப்போவதில்லை, அதனால் பழத்தில் இருக்கும் கெடுதல் ஜாமுக்கு அப்படியே வந்து சேரும்.

முக்கால் பங்கு நன்றாகப் பழுத்தது, கால் பங்கு கொஞ்சம் கெட்டியானது என்று கலந்து வாங்குங்கள். பழம் கனியக் கனிய அதில் இருக்கும் பெக்டின் உடைந்து பலம் குறைந்துகொண்டே போகும். எல்லாமே கொழகொழவென்று பழுத்ததாக இருந்தால் ருசி நன்றாக இருக்கும், ஜாம்தான் உறையாது.

3. சாமானும் அளவும்

ஒரு தடவைக்கு வேண்டியது இவ்வளவுதான்: மசித்த மாம்பழச் சதை 500 கிராம், சர்க்கரை 750 கிராம், கெட்டியாக்கிய கொய்யாத் தண்ணீர் 200 மில்லி (இதுதான் நம் பெக்டின், செய்முறை அடுத்த பகுதியில்), எலுமிச்சை 2. இதில் 200 கிராம் பாட்டில் ஏழு நிறையும்.

500 கிராம் என்பது மசித்த பிறகு உள்ள எடை. முழுப் பழத்தை எடை போட்டு அரைக் கிலோ என்று எடுத்தால் தோலும் கொட்டையும் போகச் சதை பாதிதான் தேறும், சர்க்கரையோ அதே முக்கால் கிலோ விழும். பழம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் தராசு இல்லையா, கவலை வேண்டாம். சர்க்கரையைக் கடையிலேயே முக்கால் கிலோ எடை போட்டு வாங்கி, அந்தப் பொட்டலத்தை முழுதாகக் கொட்டிவிடுங்கள். பழச்சதை 200 மில்லி டம்ளரில் இரண்டரை டம்ளருக்குத் துளி குறைவாக வரும்.

சர்க்கரை என்றால் வெள்ளைச் சர்க்கரை, நம் பக்கத்தில் பெரியவர்கள் அஸ்கா என்பார்களே, அதுதான். ரேஷன் சர்க்கரை தாராளமாகப் போதும். கடையில் பொடித்து விற்கும் ஐசிங் சர்க்கரை வேண்டாம், அதில் சோளமாவு கலந்திருக்கும், ஜாம் கலங்கிப்போகும்.

"கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை வீட்டில் இருக்குதுங்க்கா, அதைப் போடலாமா?" என்று கேட்காத ஆளே இல்லை. எனக்கும் அது பிடிக்கும், ஆனால் முதல் தடவை வேண்டாம். கரும்புப்பாலைக் காய்ச்சும்போது அழுக்கு எடுக்கச் சுண்ணாம்பு சேர்ப்பதுண்டு, அதனால் அது பழத்தின் புளிப்பைக் கொஞ்சம் அடக்கிவிடும், உறைவது தளரும். நிறமும் கருத்துவிடும். நன்றாகப் பழகிய பிறகு வேண்டுமானால் 100 கிராம் மட்டும் மாற்றி, எலுமிச்சை ஒன்று கூட்டிப் போட்டுப் பாருங்கள்.

அடுத்த கேள்வி: "ஏனுங்க்கா, இத்தனை சர்க்கரையா?" ஆமாம், இத்தனைதான். பெக்டின் என்பது பழத்தில் இருக்கும் நார் மாதிரியான ஒரு பொருள். தண்ணீரில் அது தனித்தனி இழையாக மிதக்கும். சர்க்கரை அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டால்தான் இழைகள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். புளிப்பு இருந்தால் அவை ஒன்றை ஒன்று தள்ளுவதும் குறையும். சர்க்கரை, புளிப்பு, பெக்டின் மூன்றும் சேர்ந்தால்தான் ஜாம். கால் கிலோ சர்க்கரையைக் குறைத்தால் கிடைப்பது பழச் சாறு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்காகச் செய்வதாக இருந்தால் இந்த முறையே வேண்டாம், பழத்தை வெறுமனே மசித்து எலுமிச்சை பிழிந்து ஃப்ரீசரில் வையுங்கள், அது வேறு பண்டம், அதற்கு உறைய வேண்டிய கட்டாயம் இல்லை.

4. முந்தின நாள் வேலை: கொய்யாவில் இருந்து பெக்டின்

செலவு மிச்சமாவது இங்கேதான். பெக்டின் பவுடர் கேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும், ஆனால் விலை அதிகம், சின்ன ஊரில் தேடி அலைய வேண்டும். கொய்யாவில் பெக்டின் தாராளமாக இருக்கிறது. ஆயக்குடிக் கொய்யா மலிந்து வண்டி வண்டியாக வரும் நாளில் எடுத்து வைத்துக்கொண்டால் மாம்பழ சீசன் வரைக்கும் ஃப்ரீசரில் இருக்கும்.

செங்காயாக இருக்கும் கொய்யா ஒரு கிலோ எடுங்கள். பச்சையும் மஞ்சளும் கலந்த, கடித்தால் மொறுக்கென்று இருக்கும் பதம். நன்றாகக் கழுவி, தோலோடும் விதையோடும் மெல்லிசாக நறுக்குங்கள். ஒரு போசியில் போட்டு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் ஊற்றி ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து சிறு தீயில் வையுங்கள். முக்கால் மணி நேரத்தில் துண்டுகள் கரண்டி பட்டால் நசுங்கும். அதுவரை தளதளவென்று கொதிக்க விடாமல் மெதுவாக வேக வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும் கூடியது, அது எலுமிச்சையின் புளிப்பைத் தின்றுவிடும். குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள்.

இப்போது வடிகட்ட வேண்டும். பழைய வெள்ளை வேட்டித் துணியைக் கொதிநீரில் முக்கிப் பிழிந்து, முக்காலியைக் கவிழ்த்து அதன் கால்களில் துணியின் முனைகளைக் கட்டி, நடுவில் தொட்டில் மாதிரி தொங்க விடுங்கள். கீழே ஒரு பாத்திரம். வெந்த கொய்யாவை அப்படியே துணியில் கொட்டிவிட்டு, மேலே ஒரு தட்டால் மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள். ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்கும். காலையில் பார்த்தால் இளம் ரோஜா நிறத்திலோ வெளிர் மஞ்சளிலோ, விரலில் தொட்டால் லேசாக வழவழப்பாக, முக்கால் லிட்டருக்குக் கிட்டத்தில் தண்ணீர் இருக்கும்.

துணியைப் பிழியாதீர்கள். எல்லோருக்கும் கை அங்கேதான் போகிறது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் முறுக்கிப் பிழிந்துவிட்டாள். "கண்ணு, விடு" என்பதற்குள் தெளிவாக இருந்த தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கிவிட்டது. கலங்கினால் கெட்டுப்போகாது, ஆனால் ஜாமில் கொய்யாச் சதையின் வாடை தூக்கும், மாம்பழம் பின்னால் போய்விடும். துணியில் மிஞ்சிய சதையை விதை நீக்கிச் சர்க்கரை போட்டுக் கிளறினால் குழந்தைகளுக்கு ஒரு தின்பண்டம், வீணாக்க வேண்டாம்.

வடிந்த தண்ணீரை அடுப்பில் வைத்து 400 மில்லி ஆகும் வரை சுண்டக் காய்ச்சுங்கள். இது இரண்டு தடவைக்கு ஆகும். பலம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: ஒரு ஸ்பூன் எடுத்து நன்றாக ஆறவிட்டு, ஒரு சின்னக் கிண்ணத்தில் மூன்று ஸ்பூன் மெடிக்கல் கடை ஸ்பிரிட்டோடு சேர்த்து மெதுவாக ஆட்டுங்கள். ஒரு நிமிடத்தில் ஜவ்வு மாதிரி ஒரே கட்டியாகத் திரண்டு, முள்கரண்டியில் தூக்க வந்தால் பெக்டின் பலமாக இருக்கிறது. துண்டு துண்டாகப் பிரிந்தால் இன்னும் சுண்ட வேண்டும். சோதித்ததை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாமல், வாயில் வைக்காமல், உடனே கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

பவுடர் பெக்டின்தான் வாங்குவேன் என்றால் பாக்கெட்டில் எச்.எம். (HM) என்று இருக்கிறதா பாருங்கள். எல்.எம். (LM) என்றிருந்தால் அது கால்சியம் சேர்த்தால்தான் உறையும், இந்த அளவுக்கு ஒத்துவராது. கலப்பில்லாத எச்.எம். பெக்டின் இந்த அளவுக்குப் பத்து கிராம் போடலாம், பாக்கெட்டில் அளவு போட்டிருந்தால் அதன்படி போங்கள். அதை நேராகத் தண்ணீரில் கொட்டினால் மைதா மாதிரி கட்டி தட்டும். அளந்த சர்க்கரையில் இருந்து நான்கைந்து ஸ்பூன் எடுத்து அதோடு கலந்து, 180 மில்லி தண்ணீரில் தூவிக் கரையுங்கள். மற்றபடி கொய்யாத் தண்ணீருக்குச் சொன்ன வரிசைதான்.

சைனா கிராஸ் (கடல்பாசி, அகர் அகர்) போட்டு உறைய வைக்கலாமே என்று சிலர் செய்து பார்த்தார்கள். வெளியில் அழகாக உறையும். ஃப்ரீசருக்குள் போய் வந்தால் ஸ்பாஞ்சு மாதிரி ஆகித் தண்ணீர் பிரிந்துவிடும். சோளமாவும் அப்படித்தான். ஃப்ரீசர் ஜாமுக்கு இரண்டும் வேண்டாம்.

5. பாட்டிலை முதலில் தயார் செய்து வையுங்கள்

ஜாமைக் கலந்த பிறகு பாட்டில் தேடக் கூடாது. கலந்த நிமிடத்தில் இருந்தே அது உறையத் தொடங்கிவிடும், அந்த நேரத்தில் தொந்தரவு செய்தால் வலை அறுந்துபோகும்.

புது பாட்டில் வாங்க வேண்டாம். மூடி இறுக்கமான சின்ன பிளாஸ்டிக் டப்பா, சின்ன எவர்சில்வர் சம்படம் எதுவும் சரி. கண்ணாடி என்றால் அடி முதல் வாய் வரை ஒரே அகலமாக இருக்கும் தடித்த பாட்டிலாகப் பாருங்கள். கழுத்துக் குறுகிய பாட்டில் ஃப்ரீசரில் வெடிக்கும், உள்ளே இருப்பது உறைந்து பருக்கும்போது குறுகலில் முட்டும். ஒரு தடவை ஊறுகாய் பாட்டிலில் வைத்து, காலையில் திறந்தபோது கழுத்தில் முடி அளவுக்கு ஒரு கீறல், அதில் இருந்து மஞ்சளாக ஒரு கோடு வழிந்திருந்தது. கண்ணாடித் தூள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது, அதனால் முழு பாட்டிலையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது.

ஊறுகாய் வாடை போகாத டப்பாவையும் ஒதுக்கிவிடுங்கள். மற்றதையெல்லாம் சோப்பில் கழுவி, சூடு தாங்குவதைக் கொதிநீரில் அலசி, வெயிலில் கவிழ்த்து ஈரம் துளியும் இல்லாமல் காயவையுங்கள். சின்ன அளவாகவே எடுப்பது நல்லது, திறந்த டப்பாவை மறுபடி ஃப்ரீசரில் வைக்கக் கூடாது என்பதால்.

6. பழத்தைக் கழுவி மசிப்பது

மாம்பழத்தை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்து, காம்புப் பக்கம் வழிந்த பால் போகத் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். கத்தி, பலகை, கை எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். வெங்காயம் நறுக்கிய பலகையில் மாம்பழம் நறுக்கினால் ஜாமில் வெங்காயம் மணக்கும், வேகவைக்காத பண்டத்தில் எதையும் மறைக்க முடியாது.

மிக்சி வேண்டாம். பருப்பு மத்தால் மசியுங்கள். மிக்சி காற்றை உள்ளே அடித்து நுரை கட்ட வைக்கும், அந்த நுரை பாட்டிலின் மேலே வெள்ளையாக நின்றுவிடும். மத்தில் மசித்தால் அங்கங்கே சின்னத் துண்டு நிற்கும், தோசையில் தடவிச் சாப்பிடும்போது அது பல்லில் படுவது தனி ருசி. மசித்ததும் 500 கிராம் அளந்து எடுத்து, இரண்டு எலுமிச்சையையும் வடிகட்டிப் பிழிந்து கலந்துவிடுங்கள்.

7. சர்க்கரை கரையும் வரை பொறுமை

அகலமான பாத்திரத்தில் பழச்சதையைப் போட்டுச் சர்க்கரை முழுவதையும் கொட்டிக் கிளறி மூடி வையுங்கள். புத்தகக் கணக்கில் பத்து நிமிடம் என்பார்கள். நம் கடைச் சர்க்கரை பெரிய மணியாக இருப்பதால் எனக்கு அரை மணி நேரத்துக்குக் குறைந்து கரைந்ததே இல்லை. எடை போட்ட பிறகு மிக்சியில் ஒரு சுற்று சுற்றிப் பொடித்துக்கொண்டால் பதினைந்து நிமிடத்தில் கரையும்.

கரைந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மரக்கரண்டியால் அடியை வழித்துக் கிளறுங்கள். முதலில் நறநறவென்று மணலில் இழுப்பது மாதிரி சத்தம் வரும். பிறகு சத்தம் குறையும். கடைசியில் கரண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும், கலவையும் நீர்த்து, நிறம் ஆழ்ந்து, மேலே எண்ணெய் தடவியது மாதிரி மினுமினுக்கும். அப்போது ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். ஒரு மணி தட்டுப்பட்டாலும் இன்னும் ஐந்து நிமிடம்.

இவ்வளவு சொல்லக் காரணம், இங்கே அவசரப்பட்டால் பின்னால் திருத்த வழி இல்லை. கரையாத சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைக்காது, அதனால் உறைவது தளரும். அடியில் தங்கிய மணிகள் ஃப்ரீசரில் இன்னும் பெரிதாகிக் கற்கண்டு மாதிரி பல்லில் கடிபடும். சூடாக்கினால் சீக்கிரம் கரையுமே என்று பாத்திரத்தை அடுப்பில் வைக்கிறார்கள். வைத்தால் கரையும்தான், ஆனால் பழம் வெந்த வாடை வந்துவிடும், அப்புறம் இவ்வளவு சிரமப்பட்டு ஃப்ரீசர் ஜாம் செய்வதற்கு அர்த்தமே இல்லை.

8. பெக்டினைக் கொதிக்க வைத்துக் கலப்பது

சர்க்கரை கரைந்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வையுங்கள். கொய்யாத் தண்ணீர் 200 மில்லியைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். ஓரத்தில் குமிழி வருவது கணக்கில்லை. கிளறினாலும் அடங்காமல் முழுதும் பொங்கிக் கொதிக்க வேண்டும், அதற்குப் பிறகு ஒரு நிமிடம். ஃப்ரீசரில் வைத்திருந்த கொய்யாத் தண்ணீர் என்றால் முழுக்கக் கரைந்த பிறகு அளந்துகொள்ளுங்கள்.

கொதித்ததை அப்படியே சூடாகப் பழத்தில் ஊற்றுங்கள். ஒருவர் ஊற்ற இன்னொருவர் கிளறினால் சௌகரியம். ஆறவிட்டு ஊற்றினால் பெக்டின் தனியாகத் திரண்டு, ஜாமில் ஜவ்வரிசி மாதிரி கட்டி கட்டியாகக் கிடக்கும். ஊற்றிய பிறகு கடிகாரம் பார்த்து மூன்று நிமிடம் கிளறுங்கள், அடியும் ஓரமும் விட்டுப்போகாமல். வேகமாக அடிக்க வேண்டாம், நுரை கட்டும்.

மூன்று நிமிடத்துக்குப் பிறகும் ஜாம் பாயசம் மாதிரிதான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் பெக்டின் ஊற்றுவது, இன்னும் கிளறுவது, இரண்டும் வேண்டாம். அது உறைய நேரம் எடுக்கும்.

அளவை இரட்டிப்பாக்கி ஒரே தடவையில் செய்யவும் வேண்டாம். பெரிய பாத்திரத்தில் பெக்டின் சீராகப் பரவுவதற்குள் ஒரு பக்கம் உறையத் தொடங்கிவிடும். நிறையப் பழம் இருந்தால் தனித்தனியாக இரண்டு தடவை செய்யுங்கள்.

9. நிரப்பி, 24 மணி நேரம் தொடாமல் விடுவது

உடனே பாட்டிலில் ஊற்றுங்கள். வாயில் இருந்து ஒரு விரல் கனம் இடம் விடுங்கள், அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. விளிம்பைச் சுத்தமான துணியால் துடைத்து மூடுங்கள்.

இப்படியே அறையில் 24 மணி நேரம் இருக்க வேண்டும். நேராக ஃப்ரீசரில் வைத்தால் பெக்டின் வலை பின்னுவதற்கு முன்பே தண்ணீர் உறைந்துவிடும், வெளியே எடுத்ததும் சாறாக ஓடும். வெயிலும் அடுப்பும் படாத இடமாக வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் எங்கள் வீட்டுக்குள்ளேயே அனல் அடிக்கும், அப்போது நான் ஐந்தாறு மணி நேரம் மட்டும் வெளியே வைத்துவிட்டு மீதி நேரத்துக்கு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவேன். அங்கேயும் உறையும், கொஞ்சம் நிதானமாக.

இடையில் பாட்டிலை ஆட்டாதீர்கள், சாய்க்காதீர்கள், ஸ்பூன் விட்டுப் பார்க்காதீர்கள். கடை ஜாம் மாதிரி கத்தியால் வெட்டும் பதம் இதற்கு வராது, கொய்யாத் தண்ணீரில் செய்வது இன்னும் இளகலாக இருக்கும். அடுத்த நாள் பாட்டிலை லேசாகச் சாய்த்தால் சட்டென்று ஓடாமல் மெத்தென்று நகர்ந்தால் அதுதான் பதம்.

10. ஃப்ரீசரில் வைப்பது, எடுப்பது

மூடியில் பழத்தின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். மைனஸ் 18 உள்ள ஃப்ரீசரில் ஒரு வருடம் வரை இருக்கும். மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும் அளவை மட்டும் கீழே ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். வெளியே அலமாரியில் ஒருபோதும் வைக்கக் கூடாது. ஊருக்குக் கொடுத்து அனுப்பும்போது இதைச் சொல்லியே கொடுங்கள், ஜாம் என்றதும் வாங்குகிறவர்கள் அலமாரியில்தான் வைப்பார்கள்.

எடுப்பது முந்தின ராத்திரி. ஃப்ரீசரில் இருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் காலையில் தடவும் பதத்துக்கு வந்திருக்கும். சர்க்கரை நிறைய இருப்பதால் ஐஸ் மாதிரி கல்லாக உறையாது. ஒறம்பரை திடீரென்று வந்துவிட்டால் மூடிய டப்பாவைச் சாதாரணத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் போதும். கண்ணாடியைச் சுடுதண்ணீரில் வைக்காதீர்கள். ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் பிரிந்திருந்தால் மெதுவாகக் கிளறினால் சேர்ந்துவிடும். ஈர ஸ்பூன் விடக் கூடாது.

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையில் இருந்து சாயங்காலம் வரை கரண்டு நிறுத்துவார்களே, அன்றைக்கு ஃப்ரீசரைத் திறக்காமல் இருந்தால் ஜாமுக்கு ஒன்றும் ஆகாது. அதைவிடப் பெரிய ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் இருக்கும் டிஃப்ராஸ்ட் பட்டன். பொங்கல் நோம்பிக்கு வீடு கழுவும்போது யாராவது அதை அமுக்கிவிடுவார்கள், அல்லது ஃப்ரிட்ஜையே அணைத்து வெளியே இழுத்துப் போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படி நான்கு டப்பா ஒரு பகல் முழுக்க வெளியே கிடந்தது. முழுக்க இளகிவிட்டால் திரும்ப உறைய வைக்காதீர்கள், ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள்.

11. மாம்பழம் பழகிய பிறகு

மே, ஜூன் மாதத்தில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருந்து பிளம்ஸ் இறங்கி வரும். இதற்கென்றே பிறந்த பழம் என்று சொல்வேன். புளிப்பும் பெக்டினும் அதிலேயே இருப்பதால் எலுமிச்சை ஒன்று போதும். கொட்டை எடுத்து, தோலோடு பொடியாக நறுக்கி மசித்தால் நிறம் கண்ணைப் பறிக்கும்.

பன்னீர் திராட்சையை விரலில் பிதுக்கித் தோலைத் தனியாக வைத்து, சதையைச் சல்லடையில் தேய்த்து விதை நீக்கி, பாதித் தோலைப் பொடியாக நறுக்கிச் சேர்க்க வேண்டும். கை வேலை அதிகம், ஆனால் இரண்டு பேர் பேசிக்கொண்டே செய்தால் தெரியாது. பட்டுப்பூச்சிக்காக மல்பெரி போட்டிருக்கும் தோட்டம் தெரிந்தால் பழம் கேட்டுப் பாருங்கள், தழைக்கு மருந்து அடித்திருக்கிறார்களா என்று விசாரித்த பிறகு. மல்பெரிக்குப் புளிப்பு குறைவு, எலுமிச்சை மூன்று பிழியுங்கள். அன்னாசியைத் துருவிப் போடலாம். பப்பாளியில் புளிப்பே கிடையாது, மூன்று எலுமிச்சை இல்லாமல் உறையாது.

வாழைப்பழம் கருத்துவிடும். தர்பூசணி வெறும் தண்ணீர். இரண்டிலும் காசை விட வேண்டாம்.

12. சரியாக வராவிட்டால்

24 மணி நேரம் கழித்தும் தண்ணீராக இருந்தால் இன்னொரு நாள் ஃப்ரிட்ஜில் விட்டுப் பாருங்கள், கொய்யாத் தண்ணீர் மெதுவாகத்தான் பிடிக்கும். அதற்குப் பிறகும் ஓடினால் புளிப்போ பெக்டினோ குறைவு. அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிட்டு, குளிர்ந்த பாலிலோ தயிரிலோ இரண்டு ஸ்பூன் கலந்து குடிக்கலாம், எங்கள் வீட்டுக் குழந்தைகள் ஜாமைவிட இதைத்தான் கேட்கிறார்கள்.

அடியில் மட்டும் கெட்டியாகவும் மேலே நீர்த்தும் இருந்தால் மூன்று நிமிடக் கிளறலில் குறை. நறநறவென்று இருந்தால் சர்க்கரை கரையவில்லை. மேலே புள்ளியாகப் பூஞ்சை தெரிந்தாலோ, திறக்கும்போது புஸ் என்று காற்று வந்து கள் வாடை அடித்தாலோ முழு டப்பாவையும் கொட்டுங்கள், மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடக் கூடாது.

ஜாமாகவே வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் கடைசி வழி அடுப்புதான். உறையாத எல்லாவற்றையும் அடிகனமான பாத்திரத்தில் கொட்டி, கைவிடாமல் கிளறிக் காய்ச்சுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் 105 டிகிரி. இல்லையென்றால் ஃப்ரீசரில் வைத்துச் சில்லிட்ட வட்டலில் ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் பொறுத்து விரலால் தள்ளிப் பாருங்கள், மேலே ஆடை மாதிரி சுருங்கினால் இறக்கிவிடலாம். அது வழக்கமான வேகவைத்த ஜாம், வேகாத பழத்தின் மணம் இருக்காது, ஆனால் வாங்கிய பழமும் சர்க்கரையும் வீண் போகாது.